மின்தடைக்குப் பின் உபுண்டு தொடங்கவில்லை: ‘கெர்னல் பேனிக்… அன்நோன்-பிளாக்(0,0)’

கேள்வி: அச்சுக்கடை

வணக்கம். திருமண அழைப்பிதழ், துண்டறிக்கை, பள்ளி வினாத்தாள் ஆகியவற்றை வடிவமைப்பதற்காக எங்கள் சிறிய கடையில் வைத்திருக்கும் ஒரே கணினி நேற்று மாலையிலிருந்து தொடங்க மறுக்கிறது. அதில் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) உள்ளது, 20.04 பதிப்பாக நிறுவிப் பின்னர் உயர்த்திக்கொண்டது. விண்டோஸ் இல்லை. 240 ஜிபி எஸ்எஸ்டி வட்டு ஒன்றே இருக்கிறது.

நேற்று மேம்படுத்தல் நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. யுபிஎஸ் நான்கைந்து முறை கத்திவிட்டு அதுவும் அணைந்துபோனது. அதன் பேட்டரி வலுவிழந்திருப்பது எனக்கு முன்பே தெரியும், மாற்றத்தான் தள்ளிப்போட்டேன். திரையில் நான் கடைசியாகக் கண்ட வரி ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்: ஜெனரேட்டிங்’ என்று தொடங்கியது. மின்சாரம் வந்த பின் கணினியை முடுக்கினால், குரப் (இயங்குதளத்தை ஏற்றும் தொடக்க நிரல்) பட்டியல் தோன்றுகிறது, உபுண்டுவைத் தேர்ந்தெடுத்ததும் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடுகின்றன, இறுதியில் ‘கெர்னல் பேனிக் - நாட் சிங்கிங்: விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)’ என்று வந்து நின்றுவிடுகிறது.

வட்டு எரிந்துவிட்டது, புதிதாக நிறுவுவதைத் தவிர வழியில்லை என்று பக்கத்துக் கடை நண்பர் சொல்கிறார். ஆவணி முகூர்த்தங்களுக்கான அழைப்பிதழ்க் கோப்புகள் ஏறத்தாழ முப்பது அதில் இருக்கின்றன. கோப்புகளை இழக்காமல் இந்த நிறுவலை மீட்க முடியுமா?

மறுமொழி: பழைய முனையம்

வணக்கம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் வட்டு எரிந்ததற்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை. குரப் பட்டியல் அந்த வட்டிலிருந்துதான் படிக்கப்படுகிறது. இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலும் அதே வட்டிலிருந்து ஏற்றப்பட்டுத்தான் அந்தப் பிழையை அச்சிட்டிருக்கிறது. எனவே மறுநிறுவலைப் பற்றி இப்போதைக்கு நினைக்க வேண்டாம்.

அந்தச் செய்தியின் பொருளைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மருந்து அதற்குள்ளேயே இருக்கிறது. உபுண்டுவின் கெர்னல் உங்கள் வட்டுடன் பேசுவதற்கு வேண்டிய இயக்கியைத் தன்னுள் கொண்டிருப்பதில்லை. சாட்டா வட்டுகளுக்கான ஏஹெச்சிஐ இயக்கி தனிக் கூறாக, இயங்குதளக் கோப்புகள் இருக்கும் வேர்ப் பகுதியில், அதாவது அந்த வட்டிலேயே, வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டதைப் போன்ற இந்த நிலையைத் தீர்ப்பதற்காகத்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தற்காலிகக் கோப்பு முறைமையைக் கெர்னலுடன் சேர்த்து குரப் நினைவகத்தில் ஏற்றுகிறது. தேவையான இயக்கிகளின் நகல் அதற்குள் இருக்கும். அந்தக் கோப்பு உருவாகிக்கொண்டிருந்த வேளையில்தான் உங்களுக்கு மின்சாரம் போயிருக்கிறது. அது இல்லாமல் எழுந்த கெர்னலுக்கு வட்டு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. (0,0) என்பது அதைத்தான் சொல்கிறது. அந்த இடத்தில் (8,3) என்பதுபோல் இருந்திருந்தால், எந்தப் பகுதியைத் தேட வேண்டும் என்பது தெரிந்தும் அதைத் திறக்க முடியவில்லை என்று கொண்டு வேறு திசையில் யோசித்திருப்போம்.

பெரும்பாலும் எளிய வழியே போதும். குரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அது தொடங்கிவிட்டால், முனையத்தைத் திறந்து ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ என்ற கட்டளையை சூடோவுடன் (நிர்வாகி உரிமையுடன்) இட்டால், அறுந்து நின்ற மேம்படுத்தல் விட்ட இடத்திலிருந்து தொடரும். (இந்த இழையில் கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதுகிறேன், தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடவும்.)

அச்சுக்கடை

விளக்கத்திற்கு மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்ன இடத்தில் பார்த்தேன். 5.15.0-107 என்ற ஒரே கெர்னலும் அதன் ‘ரெகவரி மோட்’ வரியும் மட்டுமே இருக்கின்றன. இரண்டும் அதே பிழையைத் தருகின்றன.

முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மின்தடைக்கு அரை மணி நேரம் முன்பு, மேம்படுத்தல் ‘இடமில்லை’ என்ற பிழையுடன் ஒருமுறை நின்றது. இந்தக் கணினியை நிறுவியபோது ஏதோ ஒரு பழைய கையேட்டைப் பார்த்து /பூட் கோப்புறைக்கு 500 எம்பியில் தனிப் பகுதி ஒதுக்கியிருந்தேன். அது நிரம்பியிருந்ததால், அதிலிருந்த பழைய கெர்னல் கோப்புகளை ‘ஆர்எம்’ கட்டளையால் நானே அழித்துவிட்டு, ‘அப்டேட்-குரப்’ இட்டு, பிறகு மேம்படுத்தலை மீண்டும் தொடங்கினேன். இரண்டாம் முறை ஓடும்போதுதான் மின்சாரம் போனது.

மறுமொழி: பழைய முனையம்

இப்போது கதை முழுமையாகிறது. இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத நிலையில் அப்டேட்-குரப் ஓடியதால், அந்தக் கோப்பைப் பற்றிய வரியே இல்லாமல் பட்டியல் எழுதப்பட்டுவிட்டது. பழைய கெர்னல்கள் அழிந்ததால் திரும்பிச் செல்ல வழியும் அடைபட்டது. கெர்னலைக் கையால் அழித்தால் கோப்புதான் போகுமே தவிர, தொகுப்பு மேலாளரின் கணக்கில் அது இன்னும் நிறுவப்பட்டதாகவே இருக்கும் என்பது இதிலுள்ள இன்னொரு சிக்கல். அதைப் பிறகு பார்ப்போம்.

உங்களுக்கு இனி வேண்டியது அதே 22.04 பதிப்பின் லைவ் யுஎஸ்பி, அதாவது வட்டில் நிறுவாமலே உபுண்டுவை ஓட்டும் யுஎஸ்பி. வேறொரு கணினியில் அதை உருவாக்கிக்கொண்டு, இந்தக் கணினியில் செருகித் தொடங்கி, ‘ட்ரை உபுண்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘இன்ஸ்டால்’ என்பதைத் தவறியும் அழுத்த வேண்டாம்.

பழுது பார்ப்பதற்கு முன் கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். கோப்பு மேலாளரில் உங்கள் வட்டின் பெரிய பகுதியைச் சொடுக்கினால் அது திறக்கும்; ஹோம் கோப்புறையை வெளிவட்டுக்கு நகலெடுத்து, நாலைந்து அழைப்பிதழ்க் கோப்புகளைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். நகலெடுக்கும்போது ‘இன்புட்/அவுட்புட் எரர்’ என்று ஒரு முறை வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். அது உண்மையான வட்டுக் கோளாறாக இருக்கக்கூடும், அப்போது டிடிரெஸ்க்யூ கொண்டு வட்டு முழுவதையும் படியெடுக்காமல் எந்தப் பழுதையும் தொடக் கூடாது. லைவ் யுஎஸ்பியில் உள்ள ‘டிஸ்க்ஸ்’ செயலி வட்டின் ஸ்மார்ட் விவரங்களையும், அதாவது வட்டு தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவுகளையும், காட்டும்.

மறுமொழி: வேகமே வேண்டும்

முகூர்த்தக் காலத்தில் கடைக்காரர் ஒருவரை இத்தனை தொலைவு அலைய விடுவது சரியா என்று தோன்றுகிறது. கோப்புகளை வெளிவட்டில் எடுத்துவிட்ட பின், வட்டை அழித்து, தனி /பூட் இல்லாமல் புதிதாக நிறுவினால் ஒரு மணி நேரத்தில் இயங்குதளம் தயாராகிவிடும். பழைய தவறான பிரிவினையும் அத்தோடு ஒழியும். பழுது பார்ப்பதில் உள்ள மகிழ்ச்சி நமக்கு. வாடிக்கையாளருக்கு வேண்டியது அழைப்பிதழ்.

மறுமொழி: பழைய முனையம்

வீட்டுக் கணினி என்றால் நானும் இதையே சொல்லியிருப்பேன். ஆனால் அச்சுக்கடைக் கணினியில் இயங்குதளத்தை நிறுவுவது வேலையின் சிறு பகுதிதான். ஆண்டுக்கணக்கில் சேர்த்த எழுத்துருக்கள், அச்சுப்பொறியின் இயக்கி, அதன் தாள் அளவு அமைப்புகள், நிறத் திருத்தங்கள் ஆகியவற்றைப் பழையபடி கொண்டுவர ஒரு மணி நேரம் போதாது. அவற்றில் பாதி ஹோம் கோப்புறைக்கு வெளியே இருக்கும். மேலும் இங்கே குறைவது ஒரே ஒரு கோப்பு. அது வரவில்லையென்றால் உங்கள் வழியே சரி; கோப்புகளின் நகல் ஏற்கெனவே வெளியே இருக்கும் என்பதால் இழப்பு ஏதுமில்லை.

அச்சுக்கடை

கோப்புகள் அனைத்தும் பிழையின்றி நகலெடுக்கப்பட்டுவிட்டன. திறந்து பார்த்த அழைப்பிதழ்கள் சரியாக இருக்கின்றன. டிஸ்க்ஸ் செயலி வட்டு நலமாக இருப்பதாகக் காட்டுகிறது. எழுத்துருக்களைப் பற்றி நினைத்தாலே அச்சமாக இருப்பதால் பழுது பார்க்கவே விரும்புகிறேன்.

வட்டில் மூன்று பகுதிகள் இருக்கின்றன: எஸ்டிஏ1 என்பது இஎஃப்ஐ (கணினியின் தொடக்க நிரலுக்கான சிறு பகுதி), எஸ்டிஏ2 என்பது /பூட், எஸ்டிஏ3 என்பது வேர். குறியாக்கம் ஏதும் செய்யவில்லை.

மறுமொழி: பழைய முனையம்

நல்லது. பகுதிகள் எதுவும் மவுண்ட் ஆகியிருக்காத (அதாவது ஒரு கோப்புறையோடு இணைக்கப்பட்டுத் திறந்திருக்காத) நிலையில், எஸ்டிஏ3, எஸ்டிஏ2 ஆகிய இரண்டையும் ‘இ2எஃப்எஸ்சிகே -எஃப்’ கட்டளையால் முதலில் சோதியுங்கள். மவுண்ட் ஆகியிருக்கும் பகுதியில் அந்தக் கட்டளையை இடுவது நல்ல கோப்பு முறைமையையும் கெடுத்துவிடும் என்பதால், கோப்பு மேலாளரில் திறந்ததை வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஈஎக்ஸ்டி4 தன் மாற்றங்களை முன்கூட்டியே குறிப்பேட்டில் பதிந்துவைப்பதால், பெரும்பாலும் அதை ஒரு முறை படித்துச் சரிசெய்துகொண்டு முடித்துவிடும்.

அடுத்து நாம் செய்யப்போவது, லைவ் யுஎஸ்பியின் கெர்னல் ஓடிக்கொண்டிருக்க, உங்கள் வட்டிலுள்ள நிறுவலுக்குள் நுழைந்து அங்கிருக்கும் நிரல்களை ஓட்டுவது. எஸ்டிஏ3 பகுதியை /எம்என்டி என்ற இடத்தில் மவுண்ட் செய்து, எஸ்டிஏ2 பகுதியை /எம்என்டி/பூட் என்ற இடத்திலும், எஸ்டிஏ1 பகுதியை /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ என்ற இடத்திலும் மவுண்ட் செய்யுங்கள். பிறகு /டெவ், /ப்ராக், /சிஸ், /ரன் ஆகிய நான்கையும் ‘மவுண்ட் --பைண்ட்’ கொண்டு /எம்என்டியின் கீழ் அதே பெயருள்ள இடங்களில் இணையுங்கள். /ரன்னைச் சிலர் விட்டுவிடுவார்கள். இணையப் பெயர்த் தீர்வுக்கான கோப்பு உபுண்டுவில் அதன் கீழ்தான் இருப்பதால், அதை விட்டால் உள்ளே போன பின், தொகுப்புகளை இறக்கி நிறுவும் ஆப்ட் எந்தச் சேவையகத்தையும் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கும்.

‘சூடோ சிஎச்ரூட் /எம்என்டி’ என்று இட்டால் உள்ளே நுழைவீர்கள். அங்கே ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, அதன் பின் ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்’, அதன் பின் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே’ என்பதோடு கெர்னலின் முழுப் பெயர், இறுதியில் ‘அப்டேட்-குரப்’. கெர்னலின் பெயரை /லிப்/மாட்யூல்ஸ் கோப்புறையைப் பார்த்து எழுதுங்கள். வழக்கம்போல் ‘யுநேம் -ஆர்’ கட்டளையிடம் கேட்டால் அது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை, அதாவது லைவ் யுஎஸ்பியின் கெர்னலைச் சொல்லும். உங்கள் வட்டில் அது இருக்காது.

குரப்பையே மீண்டும் நிறுவச் சொல்லும் கட்டுரைகள் கண்ணில் படும். உங்கள் பட்டியல் ஒழுங்காகத் தோன்றுகிறது; அதைத் தொட வேண்டாம்.

அச்சுக்கடை

எல்லாம் செய்தேன், சில எச்சரிக்கை வரிகளைத் தவிர முடிவில் பிழை எதுவும் இல்லை. ஆனால் மறுதொடக்கம் செய்தால் அதே பட்டியல், அதே கறுப்புத் திரை, அதே (0,0). நான் என்ன தவறு செய்தேன் என்று தெரியவில்லை.

பயன்படக்கூடும் என்பதால் இரண்டு சிறு தடங்கல்களைக் குறிப்பிடுகிறேன். தொடக்கத்தில் எஸ்டிஏ2 பகுதியை மவுண்ட் செய்தபோது /எம்என்டி/பூட் என்ற கோப்புறை இல்லை என்று வந்தது. எம்கேடிஐஆர் கொண்டு உருவாக்கியதும் சரியாகிவிட்டது. இறுதியில் அப்டேட்-குரப் இட்டபோது /பூட்/குரப் என்ற கோப்புறை இல்லை என்று வந்தது. அதையும் உருவாக்கியதும் ஓடி முடிந்தது.

மறுமொழி: மூன்றாம் கண்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்த இரண்டு தடங்கல்கள்தாம் விடை. உங்கள் வேர்ப் பகுதியில் /பூட் என்ற கோப்புறை இல்லாமல் இருக்கவே முடியாது. ஆகவே அது இல்லை என்று கணினி சொன்ன அந்தக் கணத்தில் எஸ்டிஏ3 பகுதி இன்னும் மவுண்ட் ஆகியிருக்கவில்லை. நீங்கள் /பூட்டை முதலிலும் வேரைப் பிறகும் மவுண்ட் செய்திருக்கிறீர்கள். வேர்ப் பகுதி வந்து /எம்என்டியின் மேல் விரிந்தவுடன், அதற்கு முன் அங்கே மவுண்ட் செய்த எஸ்டிஏ2 பாயின் கீழ் கிடக்கும் காசைப் போல் மறைந்துவிட்டது.

அதன் பிறகு நீங்கள் உள்ளே சென்று பார்த்த /பூட், வேர்ப் பகுதியிலேயே உள்ள வெற்றுக் கோப்புறை. இனிட்ராம்எஃப்எஸ் அங்கேதான் எழுதப்பட்டது. அதனால்தான் /பூட்/குரப் இல்லை என்று இரண்டாம் முறையும் கணினி முறையிட்டது; அதையும் நீங்கள் உருவாக்கிக் கொடுத்ததும் அது வாயை மூடிக்கொண்டது. குரப்போ எஸ்டிஏ2 பகுதியைப் படிக்கிறது; அங்கே எதுவும் மாறவில்லை.

இதைச் செய்யாதவர் இந்தத் தொழிலில் குறைவு. நான் ஒரு சேவையகத்தில் இதே தவறைச் செய்துவிட்டு இரவு இரண்டு மணி வரை கெர்னலைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இம்முறை வேர், பூட், இஎஃப்ஐ என்ற வரிசை மாறாமல் மவுண்ட் செய்யுங்கள். சிஎச்ரூட்டுக்குள் நுழைவதற்கு முன் ‘எல்எஸ் /எம்என்டி/பூட்’ இட்டுப் பாருங்கள். விஎம்லினஸ் என்று தொடங்கும் கெர்னல் கோப்பு, குரப் கோப்புறை, இஎஃப்ஐ கோப்புறை ஆகிய மூன்றும் கண்ணில் பட்டால்தான் மேலே செல்லலாம். இறுதியில் அப்டேட்-குரப் ஓடும்போது ‘ஃபவுண்ட் லினக்ஸ் இமேஜ்’ என்ற வரிக்குக் கீழே ‘ஃபவுண்ட் இனிட்ஆர்டி இமேஜ்’ என்ற வரியும் (அது இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைத்தான் குறிக்கிறது) வர வேண்டும். அந்த இரண்டாம் வரி இல்லையென்றால் மறுதொடக்கம் செய்து பயனில்லை.

அச்சுக்கடை

ஐயா, கணினி தொடங்கிவிட்டது! இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்ததைப் பார்த்த பிறகே மறுதொடக்கம் செய்தேன். எழுத்துருக்கள், அச்சுப்பொறி எல்லாம் பழையபடி இருக்கின்றன. நேற்று நின்றுபோன அழைப்பிதழ் ஒன்றை இப்போதுதான் அச்சிட்டேன். பழைய முனையம் ஐயாவுக்கும் மூன்றாம் கண் ஐயாவுக்கும் நன்றி.

நான் கையால் அழித்த பழைய கெர்னல்களை இப்படியே விட்டுவிடலாமா? யுபிஎஸ் பேட்டரியை இன்றே மாற்றிவிட்டேன்.

மறுமொழி: பழைய முனையம்

விட வேண்டாம். ‘டிபிகேஜி -எல்’ இட்டுப் பார்த்தால் லினக்ஸ்-இமேஜ் என்று தொடங்கும் தொகுப்புகள் இன்னும் நிறுவப்பட்டவையாகத் தெரியும். அவற்றில் புதியதற்கு முந்தைய ஒன்றை மட்டும் ‘ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்’ கொண்டு மீட்டுக்கொள்ளுங்கள். சேவையகத்தில் அந்தத் தொகுப்பு இருக்கும் வரை, அழித்த கெர்னல் கோப்பு திரும்பி வரும். வந்த பின் அதற்குரிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் முன்பு செய்ததைப்போல் உருவாக்கிக்கொள்ளுங்கள். இன்று உங்களுக்கு இல்லாமல் போன அந்த முந்தைய கெர்னல், அடுத்த முறை பட்டியலில் காத்திருக்கும். மற்றப் பழையவற்றை ‘ஆப்ட் பர்ஜ்’ கொண்டு முறைப்படி நீக்குங்கள்.

22.04இல் ஒரு கெர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் 100 எம்பியை எளிதில் எட்டிவிடுகிறது. புதுப்பிக்கும்போது பழையதை வைத்துக்கொண்டே புதியதை அருகில் எழுதுவதால் இன்னொரு மடங்கு இடமும் தற்காலிகமாக வேண்டும். ஆகவே 500 எம்பி பகுதியில் இரண்டு கெர்னல்களுக்கு மேல் சேர விடாதீர்கள். ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் முன் ‘டிஎஃப் -ஹெச் /பூட்’ இட்டுப் பார்த்து, இடம் குறைவாக இருந்தால் ‘ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்’ இடுவது உங்கள் கணினிக்குப் போதுமானது. என்றாவது புதிதாக நிறுவ நேர்ந்தால் அந்தத் தனிப் பகுதியே வேண்டாம். குறியாக்கம் இல்லாத உங்கள் வட்டுக்கு அதனால் நன்மை ஏதுமில்லை.

மறுமொழி: மூன்றாம் கண்

ஒன்று விடுபட்டுள்ளது. முதல் முயற்சியில் வேர்ப் பகுதியின் வெற்றுக் கோப்புறைக்குள் எழுதப்பட்ட இனிட்ராம்எஃப்எஸ் இன்னும் அங்கேயே கிடக்கும். உண்மையான /பூட் அதன் மேல் மவுண்ட் ஆகியிருப்பதால் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. ‘மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி’ என்று இட்டால், வேர்ப் பகுதி மட்டும், மேலே மவுண்ட் ஆனவை இல்லாமல், /எம்என்டியில் தெரியும். அங்கே /எம்என்டி/பூட் கோப்புறைக்குள் இருப்பதை அழித்துவிட்டு, யுமவுண்ட் செய்துவிடுங்கள். /எம்என்டி என்ற முன்னொட்டை மறந்து வெறும் /பூட் என்று எழுதிவிட்டால் இந்த இழையை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

அச்சுக்கடை

பார்த்தேன். இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு ஒன்றும், நான் உருவாக்கிய குரப் கோப்புறையும் அப்படியே அங்கே இருந்தன. அழிப்பதற்கு முன் பாதையை மூன்று முறை படித்தேன். 105 என முடியும் பழைய கெர்னலும் திரும்பி வந்துவிட்டது. அதைக் கொண்டு ஒரு முறை தொடங்கியும் பார்த்துவிட்டேன்.